கொழும்பில் ஏது குளிர்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் கரண்ட் போனது பலருக்கும் நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். நான் அப்போது கொட்டாஞ்சேனையில் வீட்டில் இருந்தேன். அடுப்பில் மீன்குழம்பு. ஐந்து நிமிடத்துக்குள் தொலைபேசி அடித்தது.

"அண்ணே, ஜெனரேற்றர் எந்திரிக்க மாட்டேங்குது. மூணு தடவை சுத்திப் பாத்துட்டு நின்னுருச்சு. லிப்டுக்குள்ள ஒரு பாட்டியும் பேத்தியும் இருக்காங்க."

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் தொடர்மாடி அது. பேசியவன் அங்கே காவலுக்கு நிற்கும் தம்பி, அட்டன் பக்கத்துப் பிள்ளை. "நீ இனி ஸ்டார்ட் பட்டனைத் தொடாதே. லிப்ட் கதவுக்குப் பக்கத்தில் நின்று அவர்களோடு கதைத்துக்கொண்டே இரு. நான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்தேன். சிக்னல் ஒன்றும் வேலை செய்யவில்லை. காலி வீதியில் ஒவ்வொரு சந்தியிலும் வாகனங்கள் முட்டிக்கொண்டு நின்றன. போய்ச் சேர முக்கால் மணி நேரம்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலைதான் செய்கிறேன். பஞ்சிகாவத்தையில் ஒரு வேலைத்தளத்தில் கையாளாகச் சேர்ந்து, லொறி எஞ்சின் கழுவி, பிறகு ஜெனரேற்றருக்கு மாறியவன். ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் முன்னால் போய் நிற்கும்போது முதலில் கை போக வேண்டியது பட்டனுக்கு இல்லை என்பதை அங்கேதான் படித்தேன். கண், காது, மூக்கு, கை நான்குக்கும் வேலை கொடுத்த பிறகுதான் பட்டன்.

அன்றைக்கு நிலக்கீழ் தளத்தில் டோர்ச் வெளிச்சத்தில் முதலில் எஞ்சின் புளொக்கின் மேல் கையை வைத்தேன். சிமெந்துச் சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது. எஞ்சின் சும்மா கிடக்கும்போதும் அதன் தண்ணீரை இளஞ்சூடாக வைத்திருப்பது ஜாக்கெட் ஹீற்றர். அதில் இருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயைப் பிடித்தேன். அதுவும் அப்படியே. பற்றரியில் மீற்றரை வைத்தேன்: 24.9 வோல்ட். பார்த்தால் குறையில்லாத எண் போலத்தான் இருக்கும். பிறகு தம்பியை மேலே அனுப்பி, புகைபோக்கி வாயைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரே ஒரு தடவை, ஐந்து செக்கன் மட்டும் ஸ்டார்ட் அடித்தேன்.

மீற்றர் 15 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தது. எஞ்சின் சுற்றிய சத்தம், நிறைந்த மூட்டையோடு மாடிப்படி ஏறும் ஆளின் மூச்சு மாதிரி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தரம் நின்று நின்று வந்தது. மேலிருந்து தம்பி கத்தினான்: "வெள்ளைப் புகை வருது அண்ணே!"

அந்த ஒரு வரியில் பாதி விடை கிடைத்துவிட்டது. ஸ்டார்ட் அடிக்கும்போது புகைபோக்கியில் வெள்ளைப் புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் பற்றவில்லை என்று அர்த்தம். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. அப்போது பில்டர், வால்வு, எரிபொருளை நிறுத்தும் சொலினோயிட் இவற்றைத் தேடிப் போக வேண்டும். பட்டனை அழுத்துபவர் எஞ்சின் அருகில் இருப்பார், புகை மொட்டைமாடியில் வரும். அதனால்தான் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. இன்னோர் ஆளை மேலே அனுப்பிப் பார்க்கச் சொல்ல ஒரு நிமிடம்தான் ஆகும்.

சரி, டீசல் போகிறது. ஏன் பற்றவில்லை?

பெற்றோல் எஞ்சினில் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசல் எஞ்சினில் அது கிடையாது. காற்றை நெருக்கும்போது வரும் சூடுதான் அங்கே தீக்குச்சி. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதே விஷயம். காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நெருக்கினால், ஏட்டுக் கணக்கில் 600 பாகை செல்சியஸ் வரைக்கும் சூடேறும். டீசல் தானாகப் பற்ற 200 பாகைக்குச் சற்று மேல் போதும். அப்படியென்றால் தாராளமாக மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்தக் கணக்கு, சூடு எங்கும் ஓடிப் போகாது என்று வைத்துப் போட்டது. உண்மையில் சிலிண்டரைச் சுற்றி நூற்றுக்கணக்கான கிலோ குளிர்ந்த இரும்பு இருக்கிறது. பிஸ்டன் ஆறுதலாக ஏறினால், காற்றில் ஏறிய சூட்டை அந்த இரும்பு உறிஞ்சிவிடும். பிஸ்டன் வளையங்களுக்குப் பக்கத்தால் காற்றும் கசிந்துவிடும். வேகமாக ஏறினால் சூடு ஓட நேரம் இருக்காது.

ஆகவே குளிர்ந்த எஞ்சினுக்கு மூன்று வேண்டும்: சுற்றும் வேகம், கொஞ்சம் முன்சூடு, காற்றுக் குமிழி இல்லாத சுத்தமான டீசல். டீசல் சரியாக இருந்தால், மற்ற இரண்டில் ஒன்று குறைந்தாலும் இன்னொன்று தாங்கிப் பிடிக்கும். இரண்டும் குறைந்தால் எஞ்சின் எழும்பாது. அன்றைக்கு அந்த எஞ்சினுக்கு வேகமும் இல்லை, முன்சூடும் இல்லை.

முன்சூடு ஏன் இல்லை என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் கண்டுகொண்டேன். ஜாக்கெட் ஹீற்றரின் பிரேக்கர் கீழே இறக்கப்பட்டு, அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

அந்த டேப்பின் கதை எனக்குத் தெரியும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியபோது, தொடர்மாடி நிர்வாகக் குழு எங்கெங்கே கரண்டைக் குறைக்கலாம் என்று கணக்குப் பார்த்தது. செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர், நேர்மையான மனிதர். சொந்தப் பணம் போல ஒவ்வொரு சதத்தையும் பார்ப்பவர். அவர் என்னைக் கேட்டார்:

"தம்பி, இது எஞ்சினைச் சூடாக்குகிற ஹீற்றராம். கனடாவில எண்டால் சரி. கொழும்பில ஏது குளிர்?"

"ஐயா, எங்களுக்குத்தான் குளிர் இல்லை. எஞ்சினுக்கு இது குளிர்தான்" என்று சொன்னேன். அதற்கு மேல் விளக்கவில்லை. அவசரமாக வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து கதைத்திருந்தால் அந்தப் பாட்டியும் பேத்தியும் இருட்டில் அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டார்கள். இது எனக்கு இன்றும் மனதை உறுத்துகிறது. இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் தண்ணீர் 80, 90 பாகையில் இருக்கும். கொழும்பில் நிலக்கீழ் தளம் 27, 28 பாகை. ஒரு மாதம் சும்மா கிடந்த எஞ்சினின் இரும்பும் அதே 27 பாகைதான். அவசரகால ஜெனரேற்றர்களுக்கான அமெரிக்கத் தரநிலை என்.எஃப்.பி.ஏ 110, உயிர் காக்கும் இடங்களில் பத்து செக்கனுக்குள் லோட், அதாவது மின்சுமை, எடுக்க வேண்டும் என்கிறது. அதற்காக எஞ்சின் தண்ணீரைக் குறைந்தது 32 பாகையில் வைத்திருக்கச் சொல்கிறது. வழக்கத்தில் ஹீற்றர்களை 40 பாகைக்குக் கிட்ட வைப்போம். கொழும்பில் அது 24 மணி நேரமும் எரியாது. சூட்டைப் பார்த்துத் தானாக அணைத்துப் போடும் தேமோஸ்டாட் இருப்பதால் விட்டுவிட்டுத்தான் எரியும். நுவரெலியாவில் எடுக்கும் கரண்டில் ஒரு பகுதிதான் இங்கே எடுக்கும்.

எஞ்சின் பெரிதாகப் பெரிதாக இந்த விஷயம் இன்னும் தெளிவாகும். சப்புகஸ்கந்த டீசல் மின்நிலையத்தில் இருப்பவை வீடு மாதிரியான எஞ்சின்கள், கனரக எண்ணெயில் ஓடுபவை. கொழும்பு வெயிலிலும் அந்த எண்ணெய் பாகு போலத்தான் இருக்கும். உள்ளே தெளிக்கும் பதத்துக்கு வர நூறு பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும். அவ்வளவு பெரிய எஞ்சின்களை ஸ்டார்ட் பண்ணும் முன் தண்ணீரைச் சூடேற்றி, பம்ப் போட்டு ஒயிலை எல்லா இடத்துக்கும் அனுப்பிவிட்டுத்தான் நெருக்கிய காற்றைத் திறப்பார்கள். அங்கே எவரும் கொழும்பில் ஏது குளிர் என்று கேட்க மாட்டார்கள்.

அன்றைய கதைக்கு வருகிறேன். வேகத்தைக் கொடுப்பதுதான் உடனடி வழி. ஒழுங்கை முனையில் இருக்கும் ஹாட்வெயார் கடையின் லொறி நின்றது. கடைக்கார முதலாளி ஒரு வார்த்தை கேட்காமல் சாவியைத் தந்தார். லொறியும் 24 வோல்ட், ஜெனரேற்றரும் 24 வோல்ட். இதை முதலில் உறுதி செய்தேன். அவசரத்தில் 12 வோல்ட் வானைக் கொண்டுவந்து கொழுவியவர்களைக் கண்டிருக்கிறேன். நேரை நேரோடு கொழுவி, லொறியின் மறையில் இருந்து வரும் கேபிளை பற்றரியில் கொழுவாமல், பற்றரியில் இருந்து தள்ளி எஞ்சின் புளொக்கில் பெயின்ற் இல்லாத ஒரு போல்ட்டில் கடைசியாகப் பிடித்தேன். பற்றரியில் இருந்து வரும் வாயு பற்றக்கூடியது. கடைசி இணைப்பில் பொறி பறக்கும் என்பதால் அதைப் பற்றரிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. லொறியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு நிறுத்தினேன். அப்புறம்தான் ஸ்டார்ட்.

இந்த முறை சத்தமே வேறு. ஏழாவது, எட்டாவது செக்கனில் ஒரு சிலிண்டர் பற்றியது. பிறகு இரண்டு. கொஞ்ச நேரம் வெட்டி வெட்டி இழுத்து, வெள்ளைப் புகை கக்கி, மெல்ல மெல்ல ஒரே சீராக வந்து நிமிடத்துக்கு 1500 சுற்றில் நிலைத்தது. ஒயில் பிரஷர் ஏறியதைப் பார்த்துவிட்டு, மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு, லிப்ட் லைனை முதலில் கொடுத்தேன். பாட்டி வெளியே வந்து தண்ணீர் கேட்டார். பேத்தி காவல்காரத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவன் ஒன்றரை மணி நேரமாக அந்தக் கதவுக்கு வெளியே நின்று அதற்குக் கதை சொல்லியிருக்கிறான்.

உண்மையான குளிர் என்ன செய்யும் என்பதை நான் கொழும்பில் கற்கவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். 250 கே.வி.ஏ ஜெனரேற்றர் செட் விடிகாலையில் எழும்புவதில்லை, பகலில் எழும்புகிறது என்று முறைப்பாடு. கொழும்பில் இருந்து இரவுப் பயணம் போய், விடிய நாலரை மணிக்கு எஞ்சின் அறைக்குள் நுழைந்தபோது சுவரில் இருந்த தெர்மோமீட்டர் 5 பாகை காட்டியது. வெளியே புல்லில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. கொழுந்தையே கருக்கும் பனி அது.

அந்த நேரத்தில் கரண்ட் இல்லையென்றால் தொழிற்சாலைக்குப் பெரிய நட்டம். இரவு முழுக்கக் கொழுந்து வாட்டும் தொட்டியில் விசிறி ஓட வேண்டும். விசிறி நின்றால் குவிந்து கிடக்கும் கொழுந்து தானாகச் சூடாகிக் கெடும். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயா ஸ்வெட்டருக்கு மேல் துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றார். கையில் ஒரு ஸ்பிரே டின்.

"தம்பி, போன வாரம் வந்த பாஸ் இத அடிச்சுத்தான் எழுப்பினாரு. நீங்களும் கொஞ்சம் அடிச்சுப் பாக்குறீங்களா?"

ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்பிரே. நான் அதை வாங்கி வெளியே வைத்துவிட்டேன். ஈதர் டீசலைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றும். அளவு கூடினால் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே வெடித்து, ஏறி வரும் பிஸ்டனைக் கீழே அடிக்கும். அந்த "டங்" என்ற சத்தம் கேட்டால் எங்கோ ஒரு வளையமோ பிஸ்டன் விளிம்போ அடி வாங்கியிருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, காற்றுப் பாதையில் சூடாக்கும் கம்பியோ, சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கோ உள்ள எஞ்சின்கள். சிவந்த கம்பியில் ஈதர் பட்டால் சிலிண்டருக்கு வெளியிலேயே தீப்பிடிக்கும். அந்த எஞ்சினில் காற்றுப் பாதையில் ஹீற்றர் கம்பி இருந்தது. எந்த எஞ்சினுக்கும் ஸ்பிரே அடிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஹீற்றர் உள்ள எஞ்சினுக்கு அடிப்பது தீயோடு விளையாடுவது.

டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஒயில் சொட்டாமல் தேன் மாதிரி நூலாக இழுத்தது. கொழும்பில் இருந்து பீப்பாயில் வந்த 40 நம்பர் தனி ஒயில். 15டபிள்யூ-40 போன்ற ஒயிலில் முன்னால் வரும் எண் குளிரில் அது எவ்வளவு இளகியிருக்கும் என்பதைச் சொல்லும். அந்த "டபிள்யூ" குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. வெறும் 40 என்றால் குளிருக்கென்று எந்த உத்தரவாதமும் இல்லை. கொழும்பு வெயிலில் பழைய எஞ்சினுக்கு நன்றாக ஓடும் ஒயில், 5 பாகையில் கிராங்க் தண்டைப் பிடித்து நிறுத்துகிறது. பற்றரியும் குளிரில் சோர்ந்து போகும். உறைநிலைக்குக் கிட்ட வரும்போது அதன் பலத்தில் ஏறக்குறைய கால்வாசி போய்விடும். மைனஸ் 18 பாகையில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ஒயில் கூடுதல் பலம் கேட்கிற அதே நேரத்தில் பற்றரி குறைந்த பலத்தைத் தருகிறது.

இன்னொன்றும் உண்டு. நுவரெலியா கடல்மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் பத்தில் எட்டுப் பங்குதான். நெருக்குவதற்கே காற்றுக் குறைவு, அந்தக் காற்றும் குளிர்ந்த காற்று. கஷ்டம் ஸ்டார்ட் ஆவதில் மட்டும் இல்லை, ஓடும்போது எடுக்கக்கூடிய லோடும் அங்கே குறையும். கொழும்பில் சோதித்துவிட்டு அதே அளவு லோடை மலையில் எதிர்பார்க்கக் கூடாது.

அன்று விடிவதற்குள் எஞ்சினை எழுப்ப வேண்டும். தொழிற்சாலையில் ஒரு வசதி இருந்தது: எப்போதும் எரியும் விறகுச் சூளை. ஒயிலைத் தகரங்களில் வடித்து, சுடுநீர்ப் பீப்பாய்க்குள் அந்தத் தகரங்களை இறக்கி வைத்தோம். நெருப்பின் மேல் நேராக வைக்கவில்லை. ரேடியேட்டர் தண்ணீரையும் வடித்துவிட்டு, கையில் ஊற்றினால் பொறுக்க முடியாத, ஆனால் கொதிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். கொதிநீரை ஒரேயடியாகக் குளிர்ந்த இரும்பில் ஊற்றினால் வெடிப்பு விழும். முதல் தடவை ஊற்றியது உடனே ஆறிப் போனது. வடித்துவிட்டு மறுபடி ஊற்றினோம். மூன்றாவது தடவைக்குப் பிறகு புளொக்கில் கை வைத்தபோது இளஞ்சூடு தெரிந்தது. பற்றரி இரண்டையும் நான்கு பேர் சூளை அறைக்குத் தூக்கிப் போய் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுக் கொண்டுவந்தார்கள். சூடான ஒயிலை ஊற்றி ஸ்டார்ட் அடித்தேன். இரண்டாவது முயற்சியில் எழும்பியது. டீ மேக்கர் ஐயா சொல்லாமல் கொள்ளாமல் போய் எல்லோருக்கும் பிளேன் டீ கொண்டுவந்தார். அதுவரை குளிரில் என் விரல்கள் மரத்திருந்தது கூட எனக்குத் தெரியவில்லை.

பிறகு இன்னொரு முறை மலைக்குப் போய் ஜாக்கெட் ஹீற்றர் போட்டு, ஒயிலை 15டபிள்யூ-40க்கு மாற்றி, உறைதடுப்புக் கலந்த கூலன்ட் நிரப்பி, எஞ்சின் அறையின் உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்த முறைப்பாடு வரவில்லை.

அங்கே கவனித்த இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். குளிரில் எழும்பிய எஞ்சினின் ஒயில் பிரஷர் மீற்றர் மிக உயரமாகக் காட்டும். அதைப் பார்த்து சந்தோஷப்படக் கூடாது. ஒயில் தடித்திருப்பதால்தான் அழுத்தம் கூடுகிறது, மேலே வால்வு, டர்போ வரைக்கும் அது இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. ஆகவே எழும்பியதும் உறுமவிடாமல், சில நிமிடம் லோட் இல்லாமல் ஓடவிட்டு, பிறகு படிப்படியாக லோட் கொடுக்க வேண்டும். ஹீற்றர் வேலை செய்யும் செட்டுக்கு இந்தக் காத்திருப்புத் தேவையில்லை. அதற்காகத்தானே ஹீற்றர்.

கனடாவில் லொறி ஓட்டும் என் மச்சானுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. அங்கே மைனஸ் 20இல் இரவு முழுக்க எஞ்சின் ஹீற்றரை வயரில் சொருகித்தான் வைப்பாராம். டீசலையே குளிர்காலத்துக்கென்று வேறாக விற்பார்களாம். சாதாரண டீசலில் இருக்கும் மெழுகு அந்தக் குளிரில் கட்டியாகி பில்டரை அடைத்துவிடும். எங்கள் மலைநாட்டுக் குளிர் அவ்வளவு தூரம் போகாது. எங்களுக்கு டீசலில் வேறு தொல்லை.

அந்தத் தொல்லை தண்ணீர். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். ஜெனரேற்றர் இருந்தவர்களிடம் டீசல் இல்லை. கலன், பீப்பாய், தண்ணீர் போத்தல் என்று கையில் அகப்பட்டதில் எல்லாம் வாங்கி ஊற்றினார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு செட், தாங்கியின் கடைசிச் சொட்டு வரை ஓடி நின்றுவிட்டது. டீசல் ஊற்றிய பிறகும் எழும்பவில்லை. தாங்கியின் அடி வால்வைத் திறந்தபோது முதலில் ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீர், பிறகு கறுப்பான வழவழப்பான சேறு வந்தது. கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம். பாதி வெறுமையாகக் கிடக்கும் தாங்கியின் உட்சுவரில் அது வியர்த்து அடியில் தேங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளரும். அதுதான் அந்தச் சேறு.

தாங்கியைக் கழுவி பில்டர் மாற்றிய பிறகும் லைனில் காற்று இருந்தது. எத்தனை தடவை ஸ்டார்ட் அடித்தாலும் காற்றுக் குமிழி இருக்கும் வரை எஞ்சின் எழும்பாது, பற்றரிதான் தீரும். பில்டர் தலையில் இருக்கும் சிறிய திருகாணியைக் கால் சுற்று இளக்கி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் வராது. பிறகு நுரை சீறும், சோடாப் போத்தல் திறந்த மாதிரி. நுரை குறைந்து குமிழிகள் தனித்தனியாக வரும். அதோடு நிறுத்திவிடாதீர்கள், பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். குமிழியே இல்லாமல் கண்ணாடி போல டீசல் வழியும் வரை அழுத்தி, வழியும்போதே திருகாணியை இறுக்க வேண்டும். திருகாணியின் செப்பு வாஷரைத் தொலைத்துவிடக் கூடாது. அந்த வாஷர் இல்லாமல் இறுக்கினால் மறுநாளே காற்று உள்ளே போகும்.

இனி பற்றரி. கொழும்பில் நான் பார்த்த ஸ்டார்ட் ஆகாத செட்களில் மிகப் பெரும்பாலானவை பற்றரியில்தான் வந்து முடிந்திருக்கின்றன. குளிர் பற்றரியை அந்த நேரத்துக்கு மட்டும் சோர்வாக்கும். வெயில் அதை நிரந்தரமாகத் தின்னும். சராசரிச் சூடு பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. எஞ்சினுக்கு ஒட்டினாற்போல, காற்றோட்டம் இல்லாத அறையில் இருக்கும் பற்றரி இரண்டு மூன்று வருடம் போனாலே சந்தேகத்துக்குரியது. நான் பற்றரி போடும் ஒவ்வொரு இடத்திலும் அதன் மேல் மார்க்கரால் மாதமும் வருடமும் எழுதிவிட்டுத்தான் வருவேன்.

சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட்டை நம்பக் கூடாது. வெள்ளவத்தையில் 24.9 காட்டியது 15க்குக் கீழே விழுந்ததே, அதுதான் பற்றரியின் உண்மை நிலை. ஸ்டார்ட் சுற்றிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். 24 வோல்ட் செட்டில் 18க்குக் கீழே போனால் பற்றரியையோ இணைப்புகளையோ சந்தேகப்பட வேண்டும். எது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஈய முளையிலும் மற்றதை அதன் மேல் இருக்கும் கிளாம்பிலும் வைத்து ஸ்டார்ட் அடியுங்கள். அரை வோல்ட் காட்டினாலே அந்த இணைப்பு கெட்டுப்போயிருக்கிறது. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றால் அங்கே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். கழற்றி, சுடுநீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கி, மேலே வாஸ்லின் பூசினாலே போதும். புதுப் பற்றரி வாங்கும் காசு மிச்சமான இடங்கள் உண்டு. சார்ஜரையும் பாருங்கள். அது 27 வோல்ட்டுக்குக் கிட்ட வைத்திருக்க வேண்டும். சார்ஜரின் பியூஸ் போனால் எந்த மணியும் அடிக்காத செட்கள் நிறைய இருக்கின்றன. நான்கு வாரம் கழித்துக் கரண்ட் போகும்போதுதான் தெரியவரும்.

ஸ்டார்ட் அடிப்பதிலும் அளவு வேண்டும். தானியங்கிப் பெட்டி வழக்கமாகப் பதினைந்து செக்கன் சுற்றி, பதினைந்து செக்கன் ஓய்ந்து, மூன்று தடவை பார்த்துவிட்டு நின்றுவிடும். அது நின்றது காரணத்தோடுதான். கையால் ரீசெட் பண்ணிப் பண்ணி அடித்தால் ஸ்டார்ட்டர் மோட்டர் கருகும், பற்றாத டீசல் சைலன்சருக்குள் தேங்கும். மூன்று தடவைக்குப் பிறகு எஞ்சினில் என்ன குறைகிறது என்று தேடுங்கள். கையால் அடிக்கும்போது ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு நிமிடமாவது விடுங்கள்.

வாராவாரம் ஐந்து நிமிடம் லோட் இல்லாமல் ஓட்டிவிட்டு "செக் பண்ணியாச்சு" என்று எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எஞ்சின் சூடேறும் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். பாதி எரிந்த டீசல் கறுப்பு எண்ணெயாகப் புகைக்குழாய் மூட்டுகளில் கசியும், ஒயிலிலும் கலக்கும். மாதத்துக்கு ஒரு தடவை, குறைந்தது முப்பது நிமிடம், செட்டின் அளவில் 30 வீதத்துக்குக் குறையாத லோடில் ஓட்டுவது மேல். சனிக்கிழமை மாலையில் லிப்ட், தண்ணீர்ப் பம்ப், பொது விளக்கு எல்லாவற்றையும் அதற்கு மாற்றி ஓட்டலாம். குடியிருப்பவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட்டால் எவரும் கோபிப்பதில்லை.

வெள்ளவத்தையில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் செயலாளர் ஐயா என்னைக் கூப்பிட்டார். இந்த முறை நான் அவசரப்படவில்லை. அவரை நிலக்கீழ் தளத்துக்குக் கூட்டிப்போய், புளொக்கின் மேல் அவர் கையை வைக்கச் சொன்னேன். சைக்கிள் பம்பை வைத்துத்தான் விளக்கினேன். ஆசிரியர் அல்லவா, இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். "உதை நீர் அப்பவே சொல்லியிருக்கலாம் தம்பி" என்றார். உண்மைதான். கறுப்பு டேப்பை அவரே உரித்தார்.

பற்றரி இரண்டும் மாற்றினோம். ஹீற்றரைப் போட்ட பிறகு காவல்காரத் தம்பிக்கு ஒரு வேலை சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறை காவல் மாறும்போதும் ஹீற்றரின் மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் கையால் தொட வேண்டும். மேல் குழாய் சுட்டு, கீழ்க் குழாய் அதைவிடக் குறைவாகச் சுட்டால் தண்ணீர் சுற்றுகிறது, சரி. இரண்டும் கொஞ்ச நேரம் ஆறியிருந்தால் தேமோஸ்டாட் ஓய்வில் இருக்கலாம், ஆகவே புளொக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். புளொக்கும் குளிர்ந்திருந்தால் ஹீற்றர் போய்விட்டது. ஹீற்றர் மட்டும் கொதித்து, குழாய்கள் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது அல்லது யாரோ வால்வை மூடியிருக்கிறார்கள். அப்போது உடனே பிரேக்கரை இறக்கிவிட்டு எனக்குப் பேச வேண்டும், தண்ணீர் இல்லாமல் எரிந்தால் கம்பி உருகிவிடும். கூலன்ட் மாற்றும்போதும் முதலில் ஹீற்றரை நிறுத்த வேண்டும் என்று பெட்டியில் எழுதி ஒட்டினேன்.

அவன் அதை ஒரு கொப்பியில் எழுதி வருகிறான். "மேல் சூடு, கீழ் இளஞ்சூடு, பற்றரி 27.1" என்று வரிக்கு வரி. போன மாதம் மழை இரவு ஒன்றில் கரண்ட் போனபோது, எத்தனை செக்கனில் லைட் வந்தது என்று எண்ணியும் வைத்திருக்கிறான். அந்த வரியில் "9" என்று இருக்கிறது.